பாஸ்வேர்டை மாற்றியவள்

"உங்க பொண்ணு செய்யறது உங்களுக்கே நல்லா இருக்காக்கா?"

செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள் சகாயராணி. பொன்மலையில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, ஸ்ரீரங்கம் வரை நின்றுகொண்டே வந்த எரிச்சலும் அதில் சேர்ந்திருந்தது.

"உள்ள வாங்க சகாயம். மொதல்ல உக்காருங்க" என்று ஃபேனைப் போட்டாள் மீனாம்பாள்.

மீனாம்பாளின் மகள் அனுபமா ஜெர்மனிக்குப் படிக்கப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. சகாயராணியின் மகன் ஆசீர் போன வருஷம்தான் அதே யுனிவர்சிட்டிக்குப் போனான். நம்ம ஊர்ப் பெண் அங்கே இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் சகாயராணி ஒற்றைப் பிள்ளையைப் பிளேன் ஏற்றினாள்.

"ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போனா, இல்லேங்கல. கடைக்குக் கூட்டிட்டுப் போய் ப்ரீபெய்ட் சிம் வாங்கிக் குடுத்தா. அதையும் நான் மறக்கல. ஆனா என்ன டேட்டா பேக் போட வெச்சிருக்கா தெரியுமா? இருக்கறதுலயே சின்னது! வீடியோ கால் போட்டா, ஆரம்பிக்கறதுக்குள்ள நெட் தீர்ந்துடுது."

"பெரிய பேக்கா போட்டுக்கச் சொல்லுங்களேன்."

"சொல்லாம இருப்பேனா? காசு நான் அனுப்பறேன்டான்னேன். அனு அக்கா திட்டுவாங்கம்மாங்கறான். இவ யாருக்கா என் புள்ளையைத் திட்ட? சரி, அதாவது போகட்டும். அவ ரூம்ல வைஃபை இருக்கு. பக்கத்து ரூம்தான் இவன். மொதல்ல பாஸ்வேர்ட் குடுத்திருந்தா. இப்ப மாத்திட்டாளாம். கேட்டாலும் தர மாட்டேங்கறாளாம்!"

மீனாம்பாள் ஃபேனை இன்னும் கொஞ்சம் வேகமாக வைத்தாள்.

"நீங்க குடுத்தனுப்பின புளிக்காய்ச்சல் பாட்டிலுக்கு இடம் பண்ணணும்னு, நான் செஞ்ச அதிரசத்தைப் பெட்டியிலேர்ந்து வெளிய எடுத்து வெச்சுட்டுப் போனான்க்கா என் புள்ள. அவனுக்கு ஒரு பாஸ்வேர்ட் தர உங்க பொண்ணுக்கு மனசு வரலையே!"

அதிரச விஷயத்தில் நியாயம் சகாயராணி பக்கம்தான். மீனாம்பாள் எழுந்துபோய்க் காபி கலந்து வந்தாள்.

"எனக்குக் காபியெல்லாம் வேணாம்" என்று சொல்லிக்கொண்டே டம்ளரை வாங்கி ஆற்றினாள் சகாயராணி. ஆற்றும்போதே கண் கலங்கிவிட்டது.

"அவர் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிட்டா வீட்ல நான் ஒருத்திதான்க்கா. முன்னெல்லாம் போனை அடுப்படி ஜன்னல்ல சாய்ச்சு வெச்சுடுவேன். அவன் பாட்டுக்குப் படிப்பான், நான் பாட்டுக்கு சமைப்பேன். பேசக்கூட வேணாம், அவன் மூஞ்சி தெரிஞ்சா போதும். இப்ப ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம். அதுக்குள்ள 'நெட் தீரப் போவுதும்மா'ன்னு வெச்சுடறான். எனக்குச் சோறே இறங்கல."

"நான் அனுகிட்டப் பேசறேன் சகாயம்."

"பேசுங்க. படிச்ச பொண்ணுக்கு இவ்வளவு கஞ்சத்தனம் ஆகாதுன்னு நான் சொன்னதாவே சொல்லுங்க."

மீனாம்பாள் நீட்டிய மல்லிகைப் பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, வந்த கோபம் குறையாமல் படி இறங்கினாள் சகாயராணி.

அவள் தலை தெருமுனையில் மறைந்ததும் மீனாம்பாள் மகளை போனில் அழைத்தாள்.

"ஆசீர் அம்மா வந்துட்டுப் போனாங்கடி. நீ கஞ்சமாம்."

அந்தப் பக்கம் அனுபமா விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ ஒண்ணும் உளறிடலையே?"

"நான் வாயே தெறக்கல. ஆனா உன்னை அப்படிச் சொல்றப்ப எனக்குப் பொறுக்கலடி."

"விடும்மா. ஆசீர் இங்கதான் இருக்கான், உன்கிட்டப் பேசணுமாம்."

போன் கை மாறியது.

"சாரி ஆன்ட்டி" என்றான் ஆசீர். "அம்மா ரொம்பப் பேசிட்டாங்களா?"

"அதை விடுப்பா. உன் பரீட்சை என்ன ஆச்சு?"

"இந்தத் தடவை எல்லாம் பாஸ் ஆன்ட்டி. மொதல்ல ஃபெயில் ஆனது அம்மாவுக்குத் தெரியாது. ஸ்கிரீன்ல அவங்க மூஞ்சி இருக்கறப்ப எனக்குப் படிப்பே ஓடல. தலையைக் குனிஞ்சாலே 'அழறியாடா'ம்பாங்க. கட் பண்ணுங்கம்மான்னு சொல்ல எனக்கு வாய் வரல ஆன்ட்டி. அதான் அக்காகிட்ட நானே கெஞ்சினேன், பாஸ்வேர்டை மாத்திடுங்க, பழியையும் உங்க மேலயே போட்டுடறேன்னு. அக்கா உடனே சரின்னுட்டாங்க."

"நல்லாப் படிப்பா. அம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல."

மீனாம்பாளுக்கு மகளை நினைத்துப் பெருமையாக இருந்தது. சகாயராணியை நினைத்தால் பாவமாகவும், கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது. பிள்ளை தன்னைச் சமாளிக்கிறான் என்பதுகூடத் தெரியாமல் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்துவிட்டுப் போகிறாளே!

போன் மறுபடி அனுபமாவிடம் போனது. மீனாம்பாளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. மாமா பெண்ணுக்கு வரன் வந்தது, மாடி வீட்டுக்காரி சண்டைக்கு வந்தது எல்லாவற்றையும் ஆரம்பித்தாள்.

"அம்மா, உன் குரல் விட்டு விட்டுக் கேக்குது. இங்க சிக்னல் சரியில்ல. நாளைக்குப் பேசட்டுமா?"

இரண்டு வருஷமாகத் தினமும் இப்படித்தான். பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் அங்கே சிக்னல் போய்விடும். பாழாய்ப்போன சிக்னல் என்று மீனாம்பாளும் திட்டிவிட்டு வைத்துவிடுவாள்.

இன்று திட்ட வரவில்லை. இதே போனில், ஒரு நிமிஷம் முன்னால் ஆசீர் பேசியது ஒரு வார்த்தை விடாமல் கணீரென்று கேட்டதே!

மாடி வீட்டுக்காரி கதையைப் பாதியிலேயே விட்டாள்.

"ஆமா கண்ணு, எனக்கும் ஒண்ணும் சரியாக் கேக்கல. நீ போய்ப் படி."