பெட்டிக்கு எந்த எண்?

"மறுபடியும் நீயா, எஞ்சினியரே? இந்த பெஞ்சுக்கு உன் பேரையே வச்சிடலாம் போல" என்றார் சுங்க அதிகாரி மதாம் அவாத்திஃப்.

ஹாஸிம் எழுந்து நின்றான். அவனுடைய காலைகள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. எழுவான். சவரம் செய்வான். நின்றபடியே தேநீர் குடிப்பான். கண்ணாடிக் குவளையைக் கழுவிக் கவிழ்ப்பான். மினிபஸ் பிடித்து கெய்ரோ விமான நிலையச் சரக்குச் சுங்க அலுவலகத்துக்கு வந்து உட்காருவான்.

அவன் மனைவி யும்னாவின் பெயருக்கு வந்த பெட்டி கிடங்கில் கிடந்தது. உள்ளே கையடக்கமான ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி. யும்னாவின் நெஞ்சுக்குள் வைத்த பம்புதான் இதயத்தின் வேலையைச் செய்தது. இடுப்பில் கட்டியிருந்த கருவி அந்தப் பம்பை ஓட்டியது. அது கோளாறு செய்யத் தொடங்கியதும் புதியதை வரவழைத்தான்.

சுங்கத்தில் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஒரு வரி எண் உண்டு. அதைத் தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் கருவிகளின் எண்ணில் சேர்த்துவிட்டார்கள். அந்த எண் என்றால் வரி, ஆய்வுக்கூடச் சோதனை, தர அனுமதி என்று மாதக்கணக்கில் இழுக்கும். உடலில் பொருத்தும் கருவிகளின் எண் என்றால் அன்றைக்கே கைக்கு வந்துவிடும்.

"உனக்கு நல்ல சேதி" என்றார் அவாத்திஃப். "மேல பேசிட்டேன். மனிதாபிமான அடிப்படையில இந்த ஒரு பெட்டியை மட்டும் விடச் சொல்லிட்டாங்க. எண் மாறாது. அது உனக்கு எதுக்கு? கையெழுத்தைப் போட்டு எடுத்துட்டு ஓடு."

"வேண்டாம், மதாம்."

பேனா நீட்டிய கை அப்படியே நின்றது. "என்ன சொன்னே?"

"எண்ணைக் குழுவே முடிவு பண்ணட்டும். குழு முன்னாடி நான் பேசுறேன்."

"பைத்தியமா உனக்கு? பொண்டாட்டி உயிருக்குப் போராடுறா. நீ இங்க நம்பருக்குப் போராடுறியா?"

ஹாஸிம் குழு இருந்த உள்ளறைப் பக்கம் திரும்பினான்.

"கேட்டுக்கோ. பெட்டிக்கு ஆள் இருக்கிற வரைக்கும்தான் குழு உட்காரும். ஆள் இல்லாத பெட்டிக்கு யாரும் எண் தேட மாட்டாங்க. ஃபைலை மூடி, வந்த ஊருக்கே திருப்பி அனுப்பிடுவாங்க. புரியுதா?"

"அது எனக்குத் தெரியும், மதாம்."

"கல்லுதான்யா நீ." முணுமுணுத்துக்கொண்டே அவர் உள்ளறைக் கதவைத் திறந்தார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "உன் பொண்டாட்டி என்னைச் சபிக்கிறாளா?" என்று கேட்டார்.

"அவ யாரையும் சபிச்சதில்ல."

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியைத் திறந்து மேஜைமேல் வைத்திருந்தார்கள். நடுவில் இருந்த தலைவர் ரஊஃப், கருவியைப் பேனாவால் தட்டினார்.

"நீ என்ன வேலை பார்க்கிறே?"

"லிஃப்ட் கம்பெனியில கட்டுப்பாட்டுப் பலகை செய்றேன்."

"அட, நம்ம ஆளு! அப்போ நீயே நியாயத்தைச் சொல்லு. உன் பலகையிலயும் சிப்பு, அலாரம், விளக்கு. இதுலயும் சிப்பு, அலாரம், விளக்கு. இதுக்கு மட்டும் தனி எண் கேட்டா எப்படி?"

"லிஃப்ட் நின்னா படியில ஏறிப் போகலாம், சார்."

தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தவர் கரண்டியை நிறுத்தினார்.

"அழுகைக்கு எண் கிடையாது, மகனே" என்றார் ரஊஃப். "பொருளைப் பத்திப் பேசு."

ஹாஸிம் கருவியை எடுத்து அதன் ஒயர் நுனியைக் காட்டினான்.

"பேசுறேன். என் பலகையைக் கழட்டி, கொஞ்சம் மாத்தி, தண்ணி மோட்டாருக்கு மாட்டலாம். மாவு மில்லுக்கு மாட்டலாம். இந்த பிளக்கைப் பாருங்க. இது நுழையற இடம் ஒண்ணே ஒண்ணுதான். ஒரு மனுஷனோட வயித்துலேர்ந்து வெளிய வர்ற ஒயர். இது இல்லாம அந்தப் பம்பு ஒரு சுத்துகூடச் சுத்தாது. அந்தப் பம்பு இல்லாம இதுக்கும் வேலை இல்ல. இது தனிக் கருவியே இல்ல, சார். பம்புல ஒரு பாதி. பம்புக்கு எந்த எண்ணோ அதுதான் இதுக்கும்."

ரஊஃப் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேஜையில் இருந்த எதிலாவது அது நுழையுமா என்று தேடுவதுபோல் இருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். அவர் தலையசைத்தார்.

"இதுக்கு முன்னாடி இது சில பேருக்கு வந்திருக்கே. ஒருத்தர்கூட எண்ணைக் கேட்கலையே, ஏன்?"

"அவங்க அவசரத்துல இருந்திருப்பாங்க, சார்."

முத்திரை விழுந்தது. "இனிமே இந்தக் கருவி யாருக்கு வந்தாலும் இதே எண்தான்" என்றார் ரஊஃப். "போ, மகனே. நேரத்தை வீணாக்காதே."

பெட்டியை அவாத்திஃபே தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "பிடிவாதக்காரா, ஜெயிச்சிட்டே. ஓடு, டாக்ஸி பிடி."

ஹாஸிம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். "டாக்டர், எண் கிடைச்சிருச்சு. காத்திருக்கிற எல்லாருக்கும் இன்னைக்கே வரவழைங்க. இனிமே நிறுத்த மாட்டாங்க. இந்தப் பெட்டியை நானே கொண்டு வர்றேன். காத்திருக்கிறவங்கள்ல ஷுப்ரா ஏரியா டீச்சருக்கு முதல்ல மாட்டிடுங்க."

"டீச்சருக்கா?" அவாத்திஃப் அவன் கையைப் பிடித்தார். "அப்போ உன் பொண்டாட்டிக்கு?"

"அவ போய் நாற்பதாம் நாள் சடங்கும் முடிஞ்சிருச்சு, மதாம்."

பெட்டியை அணைத்தபடி அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "எல்லாருக்கும் வாங்கிக் குடுன்னு அவதான் கடைசியா சொல்லிட்டுப் போனாளா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றான் ஹாஸிம். இடுப்பில் கருவி அலறிக்கொண்டிருந்தபோது யும்னா கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்: "அந்தச் சத்தத்தை நிறுத்து, ஹாஸிம். பக்கத்து வீட்டுக் குழந்தை முழிச்சுக்கும்."