பெட்டிக்குப் பின்னால்

பத்துமலையின் கார், கம்ப்யூட்டர் வைத்துப் புதிதாக வந்த ரகம். அது நாலாவது தடவையாக நடுரோட்டில் நின்றுவிட்டது. செமோர் ஊர்ப் பட்டறையில் மெக்கானிக் மத்தியாஸ், கம்ப்யூட்டர் பெட்டியின் பிளக்கைக் கழற்றினார். ஊசியெல்லாம் பச்சையாகக் களிம்பேறியிருந்தது.

“மழைத்தண்ணி இல்லலா. புளிச்ச வாடை அடிக்குதே?”

டார்ச் அடித்துப் பார்த்தார். பெட்டிக்குப் பின்னால் நசுங்கிய எலுமிச்சம்பழம்.

பத்துமலை, பக்கத்தில் நின்ற மனைவி வீரம்மாவைக் காட்டினார். “எல்லாம் இவ வேலை! வெள்ளிக்கிழமையானா டயருக்கு அடியில வைப்பா. மூடநம்பிக்கைன்னு சொன்னா கேக்க மாட்டா.”

வீரம்மா பதறினாள். “டயருக்கு மட்டுந்தாண்ணே! பொட்டி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது.”

இருவரும் பத்துமலையைப் பார்த்தார்கள்.

அவர் தலையைச் சொறிந்தார். “போன மாசம் நீங்கதானேண்ணே காட்டினீங்க? இதுதான் காரோட மூளை, போச்சுன்னா எல்லாம் போச்சுன்னு.”