கொடியில் ஒரு சட்டை

எடுக்க எதுவுமே தோன்றாத நாளில் நீங்கள் எதைப் படமெடுப்பீர்கள்? வளைகுடா வந்த பிறகு நான் எங்கள் அறைவாசல் துணிக்கொடியைத்தான் எடுத்தேன். தினமும் எடுத்து ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டேன்.

ஒருநாள் மாலை, பக்கத்துக் கட்டில் மரியசூசை அண்ணன் போனோடு வந்தார். அவருக்கு வேலை போன விஷயம் ஊரில் தெரியாது.

“எம் பொண்டாட்டி கேக்கா. ‘ஒங்க டூட்டிச் சட்டை ஒரு வாரமா அங்கேயே தொங்குதே, வேலைக்குப் போறதில்லையா’ங்கா. ஒனக்கு எடுக்க வேற ஒண்ணுமே கெடைக்கலையாடே?”

“படத்தை அழிச்சிரட்டாண்ணே?”

“அழிச்சா இன்னும் சந்தேகப்படுவா.”

மறுநாள் காலை அவர் அந்தச் சுத்தமான சட்டையை வாளியில் முக்கி, பிழியாமல் கொடியில் போட்டார்.

“சொட்டும்போதே எடுடே” என்றார்.

எடுத்து குரூப்பில் போட்டேன்.