மேலே போகும் கல்

"சாரே, தப்பா நினைக்கக் கூடாது. அடுத்த மாசத்திலேர்ந்து இவள வேற கிளாஸ்ல சேக்கலாம்னு பாக்கேன்."

லிங்கராஜ் நிமிர்ந்தான். ஐந்துக்கு எழுந்து, டீ போட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து, டியூஷனுக்குப் பாய்களை விரித்து, இப்போது பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். எல்லா நாளும் போல.

வாசலில் பழவங்காடிப் பக்கத்து ஹோட்டலில் சமையல் மாஸ்டரான தங்கபாண்டி. பின்னால், பிளஸ் டூ படிக்கும் மகள் கலைச்செல்வி.

"சுஜா டீச்சர் இருந்தவரைக்கும் எனக்கு ஒரு கவலயும் இல்ல. அவங்க போய் ரெண்டு மாசமாச்சு. இவளுக்கு என்ட்ரன்ஸ் வருது. அவங்க வீட்டுக்காரர் நீங்க எடுத்தா டீச்சர் எடுத்த மாதிரி வருமா, நீங்களே சொல்லுங்க."

பதினோரு பேரில் ஆறு பேர் ஏற்கெனவே போயிருந்தார்கள். இவளும் போனால் வகுப்பை மூடிவிட வேண்டியதுதான்.

"போகட்டும். ஒரு கணக்கு போட்டுட்டுப் போகட்டும்" என்று சாக்பீஸை நீட்டினான். "ஒரு ட்ரோன், செகண்டுக்குப் பத்து மீட்டர் வேகத்துல நேரா மேல ஏறுது. நாற்பது மீட்டர் உயரத்துல ஒரு கல்லை விடுது. தரையைத் தொட எவ்வளவு நேரம்? ஜி பத்துன்னு வச்சுக்கோ."

கலைச்செல்வி எழுதினாள். கல்லின் ஆரம்ப வேகம், பூஜ்யம்.

"ஏன் பூஜ்யம்?"

"சும்மா விட்டதுதானே சாரே. எறியலயே."

"விடும்போது ட்ரோன் என்ன பண்ணிட்டு இருந்துச்சு?"

"மேல போயிட்டு..." சாக்பீஸ் நின்றது. "அய்யோ! அப்ப கல்லும் கொஞ்சம் மேல போயிட்டுத்தான் விழும், அல்லே?"

"மேல பிளஸ்னா, கீழ வர்ற நாற்பது?"

"மைனஸ்!" கடகடவென்று எழுதி முடித்துத் திரும்பினாள். "நாலு!"

"நாலு என்ன? நாலு மாங்காயா?"

அவள் சிரித்துவிட்டாள். "நாலு செகண்ட்."

தங்கபாண்டி பலகையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ எங்க சறுக்குவான்னு முன்னாலயே தெரிஞ்ச மாதிரில்லா கேட்டிய! நீங்களும் ஃபிசிக்ஸா சாரே?"

"இல்ல. பி.காம்."

"பின்ன எப்படி?"

"இதே இடத்துல நான் ஒன்பது தடவை சறுக்கியிருக்கேன்."

தங்கபாண்டி செருப்பை மாட்டிக்கொண்டார். "ஏட்டி, பாய்ல இரி. கிளாஸ் முடிஞ்சதும் நேரா ஸ்கூலுக்குப் போ" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

சாகும்முன் சுஜா கடைசியாக என்ன சொன்னாள் என்று அவளுடைய அம்மா கேட்டபோது, "உங்களைத்தான் கூப்பிட்டா" என்று சொல்லி வைத்திருந்தான் லிங்கராஜ். உண்மையில், மூன்று மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அவனுக்குப் பாடம் நடத்தியவள், பத்தாவது தடவையாக அவன் போட்டுக் காட்டிய இந்தக் கணக்கைப் பார்த்துச் சொன்னது வேறு:

"நாலு என்ன, நாலு மாங்காயா? செகண்ட்னு எழுதுங்க. எழுதிட்டு, இனிமே கிளாஸ் நீங்களே எடுக்கலாம்."