முதல் பந்தி

ஓவியக்கூடத் திறப்பு விழாவுக்குச் சமைக்க வந்த பவுனுத்தாய் அந்தச் சுவரின் முன்னால் நின்றுவிட்டாள். பதின்மூன்று ஆண்கள் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் புகழ்பெற்ற இத்தாலிய ஓவியத்தை மதுரைக்காரர் இசைவாணி அங்கே மறுபடி வரைந்திருந்தார். எதிரில் நிற்பவர்களைக் கொண்டே தன்னைத்தானே மாற்றி வரைந்துகொள்ளும் புதுவகைச் சாயத்தில்.

"ஏங்க, பதிமூணு பேரு உக்காந்திருக்காங்க. ஒருத்தருக்கும் இலை போடலயே" என்றாள் கணவன் கருத்தப்பாண்டியிடம்.

ரச வாளியோடு வந்தவன் அவள் அருகில் நின்றான். சுவரிலிருந்த ஓவியம் அசைந்தது. ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து, ஆளுக்கொரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டார்கள். ஓவியத்தின் நடு இடத்தில் இப்போது பவுனுத்தாய் உட்கார்ந்திருந்தாள், அவள் உடுத்தியிருந்த அதே மஞ்சள்கறைச் சேலையோடு. அவள் முன்னால் தலைவாழை இலை. பரிமாற வந்த முதல் ஆள் கருத்தப்பாண்டி.

"ஆத்தி! மொதப் பந்தியிலயா நானு?"

முப்பது வருடமாக, எல்லாப் பந்தியும் முடிந்தபிறகு அடுப்படியில் நின்றபடியே மிச்சத்தைச் சாப்பிட்டவள் அவள்.

ஓவியத்தில் கருத்தப்பாண்டி ரசம் ஊற்றக் குனிந்தான். ஓவியத்துப் பவுனுத்தாய் இலைக்கு மேல் உள்ளங்கையைக் குறுக்கே நீட்டி, போதுமென்று தடுத்தாள்.

"பாருங்க, வேணாங்கறேன்!" பவுனுத்தாய் சுவரைக் காட்டினாள். "என்னைய யாரும் போதுமான்னு கேட்டதே இல்லயே. இந்தக் கைக்கு அது எப்படித் தெரிஞ்சுச்சு?"

கருத்தப்பாண்டி வாளியைக் கீழே வைத்துவிட்டான். பவுனுத்தாய் தன் வலக்கையை வெறுங்காற்றில் நீட்டி, ஓவியத்தில் கண்டதுபோலவே ஒருமுறை தடுத்துப் பார்த்தாள்.