கிளம்பிவிட்ட பெட்டி

தமிழ்மாறன் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிப் போய் ஒரு நாள் ஆகியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவன் அவனியாபுரத்தில், தன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, ஆறாவது இட்லிக்குச் சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தான்.

குற்றம் பஞ்சாங்கத்தில் இருந்தது. விமானம் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு மேற்கே சூலம். ஆப்பிரிக்கா இருப்பதும் மேற்கே. டிக்கெட்டை மாற்ற வழியில்லை, சூலத்தை மாற்றவும் வழியில்லை. ஆகவே அவனுடைய அம்மா தங்கப்பொண்ணு, வியாழக்கிழமையே நல்ல நேரம் பார்த்து அவனுடைய பெட்டியைக் கிளப்பி, எதிர்வீட்டுச் சங்கிலியிடம் கொண்டுபோய் வைத்துவிட்டாள். பெட்டி கிளம்பினால் ஆளே கிளம்பிய மாதிரி. இனி ஆள் பெட்டியிடம் போனால் அப்படியே பயணம் கிளம்பிவிட வேண்டும்; ஆளோ பெட்டியோ வீட்டுக்குத் திரும்பக் கூடாது.

எல்லாம் சரி. மாத்திரை அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

தமிழ்மாறன் போர்வெல் மெக்கானிக். பெனின் என்ற பிரெஞ்சு பேசும் நாட்டில் கிணறு தோண்டும் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. கம்பெனி டாக்டர் பவதாரிணி ஒரு மாதமாகப் போனிலேயே அவனைத் தயார் செய்துவந்தார். தூத்துக்குடிக்கு அனுப்பி மஞ்சள் காய்ச்சல் ஊசி போடவைத்தார். கொசுவலை, பேதிக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம் எல்லாம் வாங்கவைத்தார். 'எனக்கு வயிற்று வலி' என்பதைப் பிரெஞ்சில் மனப்பாடம் செய்யச் சொன்னார்.

"மலேரியா மாத்திரைதான் ரொம்ப முக்கியம். கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஆரம்பிக்கணும். நீங்க வேலை பாக்கப்போற எடத்துலருந்து ஆஸ்பத்திரி எண்பது கிலோமீட்டர். ஞாயித்துக்கிழமை காலைல வீடியோவுல அட்டையக் காட்டுங்க. ரெண்டு மாத்திரை குறையலைன்னா, உங்களுக்குப் பதிலா வேற ஆள அனுப்பிருவாங்க."

அது கம்பெனி கொடுத்த அட்டை. அவனியாபுரத்து மருந்துக்கடைகளில் அந்தப் பெயரைச் சொன்னால், சளி மாத்திரை தரட்டுமா என்றார்கள்.

"ஒத்த மாத்திரைதானம்மா," என்று கெஞ்சினான் தமிழ்மாறன். "எதிர்வீட்டுக்குப் போயி எடுத்துட்டு வாரேன்."

"கிளம்புன பெட்டியிலருந்து ஒரு நூலு திரும்பி வந்தாலும், நீயும் அங்கருந்து திரும்பி வந்துருவடா. மாத்திரைய நான் பாத்துக்கிறேன். நீ இட்லியத் தின்னு."

பிறகு வந்த காபி சற்றே கசந்தது. பெட்டிக்குத் தெரியாமல் அம்மா எப்படியோ மாத்திரையை எடுத்துப் பொடித்துக் கலந்துவிட்டாள் என்று அவன் நிம்மதியானான்.

அவனுடைய அப்பா மலைச்சாமிதான் அந்த இரண்டு நாளும் தெருவையே உருக்கிவிட்டார். லேத் பட்டறைக்காரர், இளகுகிற ஆள் இல்லை. வேலை கிடைத்தால் மகனுக்கு மொட்டை என்று நேர்ந்திருந்தார்கள். விசா போட்டோவுக்கு முடி வேண்டுமே என்று மகன் இழுத்ததும், அழகர்கோயிலுக்குப் போய்த் தன் தலையை நீட்டிவிட்டு வந்தவர். அப்போதுகூட முகம் மாறவில்லை.

அப்படிப்பட்டவர் வெள்ளிக்கிழமை காலையில் சாப்பிட்டதும், பெட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு செம்புத் தண்ணீரோடு எதிர்வீட்டுக்குப் போனார். சனிக்கிழமையும் போனார். திரும்பி வந்தால் குமட்டல். மத்தியானம் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் கக்கூசுக்குள் போனவர் வெளியே வரும் எண்ணத்தையே விட்டுவிட்டார். மகன் வாசலில் நின்று வயிற்று வலியைப் பிரெஞ்சில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். அப்பா உள்ளே அதைத் தமிழில் அனுபவித்துக்கொண்டிருந்தார்.

சங்கிலி தமிழ்மாறனைத் தனியே கூப்பிட்டார்.

"பெத்த மனசு மாப்ள. பெட்டி முன்னாடி கண்ண மூடி நிக்கிறாரு. உன் பேரச் சொல்லி என்னமோ முணுமுணுங்கிறாரு. தொண்டைய அடைச்சிருச்சு போல, மடக்குனு தண்ணியக் குடிச்சிட்டுக் கிளம்பிர்றாரு. அந்தாளுக்குள்ள இம்புட்டுப் பாசம் கெடந்திருக்கு பாரு."

தமிழ்மாறனுக்குக் கண் கலங்கியது. இந்த வேலையே வேண்டாம் என்றுகூட நினைத்தான். வாரத்தில் நான்கு நாள் போர்வெல் வண்டி ஓடாமல் நிற்கும் மதுரைப் பிழைப்பு ஞாபகம் வந்ததும், அந்த நினைப்பு தானாக அடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் எதிர்வீட்டுக்குப் போய்ப் பெட்டியோடு சேர்ந்துகொண்டான். வழியனுப்பத் தெருவே நின்றது. மலைச்சாமி மட்டும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். போனில் டாக்டரின் முகம் வந்ததும் தமிழ்மாறன் அட்டையைக் காட்டினான். இரண்டு குழி காலி.

டாக்டர் திருப்தியாகத் தலையாட்டினார். "வயித்தக் கலக்குச்சா? குமட்டல் இருந்துச்சா? சிலருக்கு அப்படிச் செய்யும்."

"எனக்கு ஒண்ணுமே செய்யல டாக்டர்."

"நல்ல உடம்பு. சாப்பிட்டதுக்கு அப்பறந்தான போட்டீங்க?"

"அம்மா ரெண்டு நாளும் காபியில கலந்து குடுத்துட்டாங்க டாக்டர்."

டாக்டரின் முகம் சுருங்கியது. அந்த மாத்திரையைப் பொடிக்கவே கூடாது, பாலில் கலந்தால் வேலை செய்யாது, இப்படி அரைகுறையாகச் செய்திருந்தால் இன்றைக்கு ஏற்றிவிட முடியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

தங்கப்பொண்ணுக்குப் பொறுக்கவில்லை. மகன் கையிலிருந்து போனைப் பிடுங்கி முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"யாரு கலந்தா டாக்டரம்மா? நீங்க சொன்ன மாதிரியே, இட்லி தின்ன கையோட, பொடிக்காம, முழுசா, இவன் பேரச் சொல்லி இவங்கப்பாதான் ரெண்டு நாளும் முழுங்குனாரு."