ஒரு ராணி, இரண்டு கை

"விடுங்க சார், நான்தான் முதல்ல எடுத்தேன்!"

"எடுத்தது நீங்க, பார்த்தது நான். நீங்க விடுங்க மேடம்!"

கல்யாண மண்டபத்தில் நடந்த பழங்காசுக் கண்காட்சியே திரும்பிப் பார்த்தது. எங்கள் தெரு பிரமிளாவும் சற்குணம் என்ற ஒருவரும் ஒரே வெள்ளி ரூபாயை ஆளுக்கொரு விளிம்பில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இருவருடைய சேகரிப்பிலும் அந்தக் காசில் போட்டிருந்த வருடத்து விக்டோரியா ராணி மட்டும்தான் பாக்கியாம். பிடுங்கித் தொலைக்கலாமே என்றால், கீறல் விழுந்தால் மதிப்பு போய்விடுமாம். ராணி முகத்தில் விரலே படக்கூடாதாம். அரை மணி நேரம் அப்படியே நின்றார்கள். நான் நகர்வேனா? டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்திலேயே நின்றேன்.

கடைக்காரர் மொய்தீன் பாய்க்கு ஒரே குஷி. நாலாயிரம் சொன்ன காசுக்கு, "அப்ப எட்டாயிரம்!" என்றார்.

சண்டை சட்டென்று அவர் பக்கம் திரும்பியது.

"ராணி கன்னம் தேஞ்சிருக்கு பாய்," என்றாள் பிரமிளா.

"யாரோ புளி போட்டு விளக்கியிருக்காங்க," என்றார் சற்குணம். "எட்டாயிரமாம்!"

இருவருமாகச் சேர்ந்து மூவாயிரத்துக்கு இறக்கினார்கள். மிச்சமிருந்த கையால் ஆளுக்குப் பாதி கொடுத்தார்கள். காசை மட்டும் யாரும் விடவில்லை. நண்டு மாதிரி பக்கவாட்டிலேயே நடந்து வெளியே போனார்கள்.

தை மாதம் கல்யாணம். அப்புறம் ஓசூருக்குக் குடிபோய்விட்டார்கள்; கண்காட்சி என்றால் மட்டும் இங்கே வந்துவிடுவார்கள். மொய்தீன் பாய்தான் என்னிடம் புலம்புகிறார்: "முன்னெல்லாம் எது வந்தாலும் ஆளுக்கொண்ணா ரெண்டு விப்பேம்மா. இப்ப ஒண்ணுதான் எடுக்குறாங்க. பேரம் பேச மட்டும் ரெண்டு பேரும் வர்றாங்க!"